தவிர்க்கவும்

தமிழ் உரைநடையில் வாசகனே கிடைக்காத பகுதி எது என்று கேட்டால், சிறுபத்திரிகைக்காரர்களாகிய நாம் தயக்கமில்லாமல் நம்மையே சுட்டிக்கொள்வோம். அதில் நமக்கு அந்தரங்கமான ஒரு திருப்தியும் உண்டு. ஆனால் நம்மைவிட மோசமான நிலைமையில் ஓர் எழுத்து இருக்கிறது. நம்முடையது முந்நூறு பிரதி அச்சாகி நூறு படிக்கப்படுகிறது என்றால், இது எண்ணிச் சொல்ல முடியாத அளவில் அச்சாகி, ஒன்றுகூடப் படிக்கப்படாமல் வரப்பில் விழுந்து மக்குகிறது. பூச்சிமருந்துப் பாட்டிலோடு எட்டாக மடித்து வைத்துத் தரும் சீட்டைச் சொல்கிறேன். பாட்டிலின் மேல் ஒட்டியிருக்கும் லேபிளையும் சேர்த்துக்கொள்ளலாம்.

நான் இருப்பது ராசிபுரத்துக்கும் நாமகிரிப்பேட்டைக்கும் இடைப்பட்ட பகுதி. ஒரு பக்கம் போதமலை, இன்னொரு பக்கம் கொல்லிமலை, நடுவில் செம்மண் சமவெளி. 1997இல் நாமக்கல் தனி மாவட்டமாகும்வரை எல்லாம் சேலம் ஜில்லாதான். குச்சிக்கிழங்கு எங்கள் பயிர். வெளியூர்க்காரர்கள் மரவள்ளி என்பார்கள். அது இங்கிருந்து ஜவ்வரிசியாகவும் ஸ்டார்ச்சாகவும் போகிறது. 1981இல் சேலத்தில் ஜவ்வரிசி உற்பத்தியாளர்களின் கூட்டுறவுச் சங்கம் வந்தது முதல் இதன் வியாபாரத்துக்கு ஓர் ஒழுங்கு உண்டு. ஆலைகளின் பக்கம் போனால் திப்பி காயும் புளித்த வாடை. கிழங்குக் காடுகளின் பக்கம் போனால், சில மாதங்களில், வேறொரு வாடை. இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது வாடையைப் பற்றியது.

முதலில் ஒரு சொல்லைப் பார்க்க வேண்டும். லேபிளில் சிவப்பு மசியில் விஷம் என்று அச்சிட்டிருக்கிறது. ஆனால் அதை விஷம் என்று சொல்பவரை நான் இந்தப் பக்கத்தில் சந்தித்ததில்லை. மருந்து வாங்கி வந்தாயா, மருந்தடிக்க ஆள் வந்ததா, நேற்று அடித்த மருந்து மழையில் கழுவிப்போயிற்றா — எல்லாம் மருந்துதான். மேடைகளில் பேசவரும் படித்தவர்கள் இதை அறியாமைக்கு உதாரணமாகக் காட்டுகிறார்கள்: விஷத்தை மருந்து என்று நம்புகிறான், பாவம். இப்படிச் சொல்பவர்களுக்குத் தமிழ்ப் பரிச்சயம் போதாது என்றே நினைக்கிறேன். வெடிமருந்து என்று சொல்லும்போது நாம் ஆரோக்கியத்தை நினைப்பதில்லை. மருமகள் மகனுக்கு மருந்து வைத்துவிட்டாள் என்று ஒரு தாய் சொல்லும்போது வைத்தியத்தைச் சொல்லவில்லை. ‘மருந்தைக் குடித்துவிட்டான்’ என்ற செய்தி தெருவில் வந்தால் என்ன நோய் என்று யாரும் கேட்பதில்லை. செருப்பைக்கூடப் போடாமல் ஓடுகிறார்கள். டாக்டர் தந்ததைச் சாப்பிடுவது, இதைக் குடிப்பது என்று வினைச்சொல்லே பிரித்துக் காட்டிவிடுகிறது. மருந்து என்றால் சக்தியுள்ள பொருள். அந்தச் சக்தி எந்தப் பக்கம் திரும்பும் என்பதைச் சொல் தீர்மானிப்பதில்லை, கையாள்பவன் தீர்மானிக்கிறான். எங்கள் ஜனங்களுக்கு அபாயம் தெரியாமல் இல்லை. தெரிந்தே வைத்திருக்கும் சொல் அது.

பின்னே லேபிள் எதற்கு வந்தது? அதற்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. 1958இல் கேரளத்திலும் அன்றைய சென்னை ராஜ்யத்திலும் கோதுமை மாவு சாப்பிட்டவர்கள் செத்து விழுந்தார்கள். மாவு வந்த கப்பலிலேயே பாரத்தியான் என்ற பூச்சிமருந்தும் வந்திருந்தது. ஃபாலிடால் என்று கடைகளிலும் தற்கொலைச் செய்திகளிலும் பின்னால் பிரசித்தமான சரக்கு அதுதான். அது கசிந்து மாவில் கலந்துவிட்டது. நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். நீதிபதி ஜே. சி. ஷாவின் தலைமையில் விசாரணைக் கமிஷன் அமைந்தது. பத்து வருஷம் கழித்து 1968இல் பூச்சிக்கொல்லிச் சட்டமும், 1971இல் அதன் விதிகளும் வந்தன. செத்தவர்களில் யாரும் பூச்சிமருந்து வாங்கியவரில்லை, அடித்தவருமில்லை. ரொட்டி சுட்டவர்கள், சாப்பிட்டவர்கள். எந்த லேபிளைப் படித்திருந்தாலும் தப்பியிருக்க முடியாத சாவுகளிலிருந்து பிறந்த சட்டம், மற்ற ஏற்பாடுகளோடு, லேபிளின் இலக்கணத்தையும் வகுத்தது.

இலக்கணம் நுணுக்கமானது. லேபிளின் முகப்பில் பதினாறில் ஒரு பங்குக்குக் குறையாத இடத்தில் ஒரு சதுரம்; நம் பழைய கணக்கில் ஒரு வீசம். சதுரத்தை முனையில் நிறுத்தி, குறுக்கே வெட்டினால் இரண்டு முக்கோணங்கள். மேல் முக்கோணத்தில் எச்சரிக்கைச் சொல், கீழ் முக்கோணத்தில் நிறம். சோதனைப் பிராணிகளில் பாதியைக் கொல்ல உடல் எடையின் கிலோ ஒன்றுக்கு எத்தனை மில்லிகிராம் வேண்டும் என்பது கணக்கு. வாய்வழியே போகும் அளவு 1 முதல் 50க்குள் என்றால் சிவப்பு, மேலே மண்டை ஓடும் எலும்பும். 500வரை மஞ்சள். 5000வரை நீலம். அதற்கு மேல் பச்சை. விஷம், அபாயம், எச்சரிக்கை என்று மேல் முக்கோணத்தின் சொல்லும் படிப்படியாக இறங்கிக்கொண்டே வரும்.

குறியீடு பற்றிப் பத்திரிகைகளில் நாம் ஏராளமாக எழுதியாயிற்று. இதையும் ஒரு குறியீட்டு அமைப்பாக வாசித்துப் பார்க்கலாம். தலைகீழாக நிற்கும் சிவப்பு முக்கோணம் 1971இல் எங்கள் கிராமங்களுக்குப் புதிதாக வரவில்லை. சில வருஷங்களுக்கு முன்பிருந்தே அது சுவர்களில் இருந்தது. குடும்பக் கட்டுப்பாட்டின் சின்னம் அது. ஆரம்ப சுகாதார நிலையத்திலும் பஸ்ஸின் முதுகிலும் நல்லது செய்வதாக வாக்களித்துக்கொண்டிருந்த அதே உருவம், அதே நிறம், அதே தலைகீழ் நிலை, பாட்டிலின் மேல் உயிர் போகும் என்று அர்த்தப்பட வேண்டும் என்று சர்க்காரின் இன்னொரு இலாகா எதிர்பார்த்தது. மண்டை ஓடு மின்கம்பத்திலும் இருந்தது. அங்கே அதற்குப் பொருள் ஏறாதே என்பது. பச்சையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். விவசாயியின் கண்ணுக்குப் பச்சை என்றால் பயிர் பிழைத்தது என்று பொருள். நிறம் குறைந்த அபாயத்தைச் சொல்கிறது, அவன் கண் அபயத்தைப் பார்க்கிறது. பார்க்கிறவனின் அனுபவ உலகத்தைக் கணக்கிலெடுக்காத குறியீட்டை நாம் கவிதையில் செயற்கை என்று நிராகரிக்கிறோம். இங்கே அது கெஜட்டில் வந்திருக்கிறது.

இனி சீட்டு. இந்தி, ஆங்கிலம், சரக்கு விற்கும் பகுதியில் வழங்கும் ஒன்றிரண்டு மொழிகள் என்று விதி சொல்கிறது. நடைமுறையில் ஒரு முழத்தாளில் பல மொழிகள் பாத்தி கட்டி நிற்கின்றன. தமிழ்ப் பாத்தியைத் தேடிக் கண்டுபிடிக்கவே பொழுது வேண்டும். எழுத்தின் அளவு, ஊசியில் நூல் கோக்கும் கண்ணுக்கு உரியது. நான் பூதக்கண்ணாடி வைத்துப் பல சீட்டுகளைப் படித்திருக்கிறேன். ஓய்வு பெற்ற தமிழாசிரியனுக்கு இப்படியும் பொழுது போகும்.

அந்தத் தமிழில் கவனத்தைப் பிடித்தது ஒரு விகுதி. முகமூடி அணியவும். கையுறை அணியவும். காற்றின் திசைக்கு எதிராகத் தெளிப்பதைத் தவிர்க்கவும். தெளித்த பின் சோப்புப் போட்டுக் குளிக்கவும். காலியான கலத்தை அழித்துப் புதைக்கவும். எல்லாம் ‘வும்’. பேச்சில் இந்த ‘வும்’ கிடையாது. எங்கள் ஊரில் ஒருவனிடம் கையைக் கழுவச் சொல்ல வேண்டுமென்றால் கழுவு, கழுவுடா, கழுவுங்க, கழுவிக்க சாமி என்று பல வழிகள் உண்டு. ஒவ்வொன்றிலும் சொல்பவன் யார், கேட்பவன் யார், இருவருக்கும் இடையில் வயதா, உறவா, கூலியா, பிரியமா என்பது வந்துவிடுகிறது. அதாவது சொல்பவன் தன்னைக் காட்டிக்கொண்டுதான் சொல்ல முடியும். ‘கழுவவும்’ என்பதில் ஆளே இல்லை. மரியாதை இல்லை, மரியாதைக் குறைவும் இல்லை. ஒருமை பன்மை இல்லை. யாரோ ஒருவரிடம் யாரும் சொல்லாத ஒரு வாக்கியம். வரிசையில் நிற்கவும், சில்லறை தரவும், எச்சில் துப்புவதைத் தவிர்க்கவும் என்று ஆபீஸ் சுவர்கள் நம்மோடு பேசும் பாஷை இது. இதைப் பணிவான கட்டளை என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்திருக்கிறேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. சொல்லியாயிற்று என்று பதிவு செய்துகொள்வதற்காக ஏற்பட்ட வடிவம் என்று தோன்றுகிறது.

இதை வெறும் இலக்கண ரசனையாக வைத்துக்கொள்ள முடியாதபடி 2021இல் ஒன்று நடந்தது.

அதற்கு முந்தைய வருஷம் கேரளத்தில் திருச்சூர்ப் பக்கம் கிழங்கில் ஒரு புது மாவுப்பூச்சி காணப்பட்டது. தென்னமெரிக்கப் பூர்வீகம், ஆப்பிரிக்காவில் ஒரு காலத்தில் பஞ்சம் விளைத்த பூச்சி. வெகு சீக்கிரம் எங்கள் பக்கமும் வந்துவிட்டது. குருத்தெல்லாம் சுருண்டு கொண்டை கட்டி, செடி குட்டையாக நின்றுவிடும். பூச்சியின் மேல் மெழுகும் மாவுமாக ஒரு போர்வை இருப்பதால் மருந்து எளிதில் உள்ளே இறங்காது. இறங்காததால் இன்னும் அடித்தார்கள். ஒன்றோடு ஒன்றைக் கலந்து அடித்தார்கள்.

எனக்குத் தெரிந்த ஒருவர், ஐம்பதை நெருங்கியவர், டேங்குக்கு இவ்வளவு என்று கூலி பேசி மருந்தடிப்பவர். அவர் எழுதப்படிக்கத் தெரியாதவர் இல்லை என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். டீக்கடையில் தினசரியைக் கடைசிப் பக்கம்வரை படிப்பவர். அன்று காட்டுக்காரர் வாங்கி வைத்திருந்ததைக் கலந்து, முதுகில் டேங்கை மாட்டிக்கொண்டு காலையிலிருந்து அடித்திருக்கிறார். டேங்கின் மூடியோரம் கசிவு. சட்டை முதுகோடு ஒட்டியிருக்கிறது. வியர்வைதான் என்று நினைத்தாராம். பதினோரு மணிக்கு மேல் வரப்பில் உட்கார்ந்தார். வாயில் நீர் ஊற்றிற்று, கண்மணி சுருங்கிவிட்டது, வாந்தி. ஒரு பையன் மோட்டார் சைக்கிளில் நடுவில் உட்கார வைத்து, பின்னால் இன்னொருவன் பிடித்துக்கொள்ள, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நானும் பின்னால் போனேன்.

டாக்டர் கேட்ட முதல் கேள்வி, எந்த மருந்து என்பது. யாருக்கும் பெயர் தெரியவில்லை. பாட்டிலைக் கொண்டுவரச் சொன்னார். ஒருவன் திரும்பிப் போய், காட்டில் தேடி, சீட்டும் ஒட்டியிருந்த ஒரு பாட்டிலைக் கொண்டுவந்தான். டாக்டர் வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். மருந்தின் பெயர், அதன் இனம், முறிவு மருந்து அட்ரோபின் என்ற வரி. ஊசி ஏற்கெனவே போய்க்கொண்டிருந்தது, அதைத் தொடர்ந்தார். மனிதர் பிழைத்தார்.

அந்தச் சீட்டுக்கு ஒரு வாசகன் கிடைத்ததை அன்றுதான் பார்த்தேன். வாசகன் காட்டில் இல்லை, ஆஸ்பத்திரியில் இருந்தான். மருந்தடிப்பதற்கு முன் இல்லை, அடித்து விழுந்த பின் இருந்தான். நியாயமாகச் சொன்னால் அந்த ஒரு வரி தன் வேலையைச் செய்தது. அது யாருக்கும் புத்தி சொல்லவில்லை. தகவலாக, தெரிந்தவனிடமிருந்து தெரிந்தவனுக்குப் போயிற்று. மீதியுள்ள ‘வும்’ வாக்கியங்களுக்கும் ஒரு வாசகன் காத்திருக்கிறான் என்று பிறகு யோசித்தபோது விளங்கியது. அவன் வக்கீல். நாங்கள் சொல்லியிருக்கிறோம், பாருங்கள், இந்த இடத்தில் அச்சிட்டிருக்கிறது என்று கோர்ட்டில் விரல் வைத்துக் காட்டுவதற்காக எழுதப்பட்ட உரைநடை. அந்த அளவில் அது மிகத் திறமையான எழுத்து. தன் வாசகனைச் சரியாகத் தெரிந்து எழுதியிருக்கிறது.

அடுத்த சில நாட்கள் ஊரில் நடந்த பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ‘அளவு சொல்லித்தானுங்களே குடுத்தேன்’ என்றார் காட்டுக்காரர். ‘சீட்டுல எல்லாம் போட்டிருக்குதுங்க’ என்றார் கடைக்காரர். எல்லோரும் சேர்ந்து ஒரு தீர்ப்புக்கு வந்தார்கள்: அவன் ஜாக்கிரதையா இருந்திருக்கணும். பிழைத்து வந்தவரைப் போய்ப் பார்த்தேன். திண்ணையில் சுருண்டிருந்தார். ‘நாந்தானுங் வாத்தியாரே, டேங்க் ஒழுகறதப் பாக்காம உட்டுட்டேன்’ என்றார்.

இந்த விவகாரம் முழுவதிலும் தன்மை ஒருமையில் பொறுப்பைச் சொன்ன வாக்கியம் அது ஒன்றுதான். தயாரித்தவன், விற்றவன், வாங்கியவன், விதி எழுதியவன் எல்லோருடைய வாக்கியங்களும் ஆளில்லாமலோ, அல்லது ‘அவன்’ என்றோ முடிந்தன. டேங்கும் அவருடையதல்ல. வாடகைக்கு எடுத்தது.

இதைச் சேலத்தில் ஒரு நண்பரிடம் சொன்னேன். கவிதை எழுதுபவர், நம் வட்டத்தவர். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. ‘நீங்கள் அவரைக் குழந்தையாக்குகிறீர்கள். தன் உடம்புக்குத் தான் பொறுப்பு என்று ஒருவன் சொல்வது அவனுடைய கௌரவம். அதைப் பிடுங்கிக்கொண்டு, பாவம், அவனுக்கு என்ன தெரியும் என்று பரிதாபப்படுவது மேல்தட்டு மனோபாவம். பொறுப்பு இல்லாமல் சுதந்திரம் ஏது?’ என்றார். இதில் பாதி எனக்குச் சம்மதம். அந்தப் பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அவர் குழந்தை இல்லைதான். வெயில் ஏறுமுன் ஆரம்பிப்பார். காற்று எந்தப் பக்கம் என்று ஒரு பிடி மண்ணைத் தூவிப் பார்ப்பார். முதுகைக் காற்றுக்குக் காட்டி நடப்பார். கைகால்களில் தேங்காயெண்ணெய் தடவிக்கொள்வார். அதனால் பயனில்லை என்று மருத்துவர்கள் சொன்னாலும் அது ஒரு ஜாக்கிரதை உணர்வுதான். இங்கே எச்சரிக்கை என்ற சமாச்சாரம் சீட்டோடு வந்து இறங்கியதும் இல்லை. எங்கள் பயிரே விஷமுள்ள பயிர். குச்சிக்கிழங்கின் தோலிலும் தழையிலும் கசப்பாக இருப்பது, உடம்புக்குள் போனால் சயனைடாக மாறும் சரக்கு. அதற்கு லேபிள் இல்லை, முக்கோணம் இல்லை. ஆனால் கிழங்கை வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும் என்பது சமைக்கிறவர்களுக்குத் தெரியும். ‘கிழங்குக் காட்டுப் பக்கம் ஆட்டை உடாதடா, தழையக் கடிச்சுதுன்னா போச்சு’ என்று தாய் சொல்ல, பையனுக்குத் தெரியும். இந்த வாக்கியத்தில் ‘வும்’ இல்லை. சொல்பவள் இருக்கிறாள், கேட்பவன் இருக்கிறான். ஆடு செத்தால் இருவருக்கும் நஷ்டம். எச்சரிக்கை பலிப்பதற்குக் காரணம் இந்தக் கடைசி விஷயம்தான் என்று நினைக்கிறேன். சொல்பவனும் விளைவில் பங்குகொள்ள வேண்டும்.

மறுபாதிக்கு வருகிறேன். பொறுப்பைக் கேட்க வேண்டுமானால் தேர்வு இருக்க வேண்டும். எந்த மருந்து என்பதை அவர் தேர்ந்தெடுக்கவில்லை. கலவையை அவர் முடிவு செய்யவில்லை. டேங்குக் கணக்கில் கூலி என்பதால் மெதுவாக அடிக்கும் சுதந்திரமும் இல்லை. முகமூடியைக் குறித்து அவரிடம் கேட்டபோது, ‘அதப் போட்டுக்கிட்டு மூச்சு உடறதா, மருந்தடிக்கறதாங்க?’ என்றார். சித்திரை வெயிலில் ரப்பர் உறையும் பூட்ஸும் முகமூடியும் போட்டு, தண்ணீரோடு டேங்கைச் சுமந்து, தலையளவு வளர்ந்த கிழங்குக் காட்டில் இறங்கியவர்களுக்கு இது கேள்வியில்லை, விடை.

இதை நான் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய ஸ்தாபனம் பூச்சிமருந்து விநியோகத்துக்கு 1985இல் ஒரு நடத்தை நெறி வெளியிட்டது. அசௌகரியமான, விலையுயர்ந்த பாதுகாப்பு உடை இல்லாமல் கையாள முடியாத மருந்துகளை, உஷ்ணப் பிரதேசங்களின் சிறு விவசாயிகளிடையே தவிர்ப்பது நல்லது என்று அதில் இருக்கிறது. கவனிக்க வேண்டியது, தவிர்க்கவேண்டியது யார் என்பது. சீட்டில் தவிர்க்கும் பொறுப்பு தெளிப்பவன் தலையில்; அந்த நெறியில் விற்பவன், அனுமதிப்பவன் தலையில். ஒரே வினைச்சொல், எழுவாய் மாறிவிட்டது. எழுவாயை எங்கே வைப்பது என்பதுதான் இதில் உள்ள அரசியல் முழுவதும்.

நம் சட்டமும் எழுவாயை இடம் மாற்றத் தெரிந்ததுதான். நாமக்கல் லாரிப் பட்டணம். எரிவாயு டேங்கர்களுக்குப் பேர் போனது. அபாயகரமான சரக்கு ஏற்றும் வண்டியின் டிரைவருக்கு ஓர் இந்திய மொழியும் ஆங்கிலமும் எழுதப்படிக்கத் தெரிந்திருக்க வேண்டும், தனிப் பயிற்சிச் சான்றிதழ் வேண்டும் என்று 1989ஆம் வருஷத்து மோட்டார் வாகன விதிகள் கூறுகின்றன. டேங்கரில் ஒரு விபத்து என்றால் ஊரே போகும் என்பதால், எச்சரிக்கைப் பலகையைப் படிக்கும் ஆள் நிச்சயமாக இருக்க வேண்டும் என்று சட்டம் கவலைப்பட்டது. முதுகில் டேங்கை மாட்டியவனைப் பற்றி அந்தக் கவலை வரவில்லை. அவன் போனால் அவன் மட்டும்தான் போவான்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 1986இல் வந்தது, 2019இல் புதிதாக இயற்றப்பட்டது. புதிய சட்டத்தில் பொருளால் விளையும் தீங்குக்கு உற்பத்தியாளர் பொறுப்பு என்று ஓர் அத்தியாயம் சேர்ந்திருக்கிறது. சரியான உபயோக முறையையோ எச்சரிக்கையையோ தராவிட்டால் அவர் பதில் சொல்ல வேண்டும். நல்ல விஷயம். அதே அத்தியாயத்தில் விலக்குகளும் இருக்கின்றன. பொருளைத் தவறாக உபயோகித்திருந்தால் விற்றவர்மேல் வழக்கு நிற்காது. வெளிப்படையான அல்லது எல்லோரும் அறிந்த அபாயத்தைப் பற்றி எச்சரிக்காமல் விட்டதற்கு உற்பத்தியாளர் பொறுப்பில்லை. உபயோகிப்பவன் அறிந்திருக்க வேண்டிய அபாயத்துக்கும் இல்லை. அறிந்திருக்க வேண்டிய — இங்கேயும் கடமை வேற்றாள் தலையில் நைசாக ஏறிக்கொள்கிறது. மருந்து என்ற சொல்லிலேயே அபாயத்தை அறிந்து வைத்திருக்கும் எங்கள் ஜனங்களுக்கு, அந்த அறிவே எதிராக நிற்கும். தெரியாது என்றால் அறியாமை. தெரியும் என்றால் அஜாக்கிரதை. இரண்டு பக்கமும் அடைத்த சந்து.

2017இல் மகாராஷ்டிரத்தின் யவத்மால் ஜில்லாவில் பருத்திக்கு மருந்தடித்தவர்கள் இருபது பேருக்கு மேல் இறந்தபோதும், பாதுகாப்பு உடை அணியாததால் வந்த வினை என்ற பேச்சு உடனே கிளம்பியது. 2013 ஜூலையில் பீகாரின் சாரண் ஜில்லாவில் மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்தார்கள். சமையலெண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் கலந்திருந்தது. பூச்சிமருந்து இருந்த கலத்தில் எண்ணெய் வைக்கப்பட்டிருந்ததாகச் சொல்லப்பட்டது. காலியான கலத்தை அழித்துப் புதைக்கவும் என்ற வாக்கியத்தை நினைத்துக்கொண்டேன். ஒரு நல்ல டப்பாவை அழித்துப் புதைக்கும் வீடு எங்கள் பக்கத்திலும் இல்லை. அப்படி ஒரு வாக்கியத்தை எழுதியவர் ஏழை வீட்டு அடுக்களையைப் பார்த்ததில்லை.

பின்னே என்னதான் பலிக்கும் என்று நண்பர் கேட்டார். பலித்தவற்றைச் சொல்கிறேன். இலங்கையில் பூச்சிமருந்தைக் குடித்துச் சாகிறவர்கள் மிக அதிகமாக இருந்தார்கள். மிகக் கொடிய வகைகளை 1995க்குள் சந்தையிலிருந்து விலக்கினார்கள், 1998இல் எண்டோசல்ஃபானையும். அடுத்த பத்தாண்டில் நாட்டின் தற்கொலை விகிதமே ஏறக்குறைய பாதியாகிவிட்டது. ஜனங்களின் துக்கம் அந்தப் பத்தாண்டில் பாதியாகவில்லை. அங்கே நடந்துகொண்டிருந்தது யுத்தம். துக்கம் பொங்கிய அந்த ஒரு நாழிகையில் கைக்கெட்டிய பாட்டிலின் வீரியம் குறைந்திருந்தது, அவ்வளவுதான். குடித்தவர்கள் பிழைத்தார்கள். பிழைத்தவர்களில் பலர் அப்புறம் வாழ்ந்தார்கள். இங்கேயும் 2018ஆம் வருஷத்து உத்தரவின்படி போரேட் என்ற குருணை மருந்து 2020 டிசம்பரோடு நின்றது. எத்தனை சீட்டுகளில் எத்தனை ‘வும்’ போட்டும் ஆகாத காரியம், ஒரு சரக்கு கடையில் இல்லாமல் போவதால் ஆகிறது.

எங்கள் மாவுப்பூச்சிக்கும் கடைசியில் வழி பாட்டிலிலிருந்து வரவில்லை. மில்லிமீட்டர் கணக்கில் அளக்கும் ஒரு குளவி இருக்கிறது, அனகைரஸ் லோபெஸி என்று பெயர். மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டையிடும். 1980களில் ஆப்பிரிக்காவின் கிழங்குக் காடுகளைக் காப்பாற்றியது இதுதான். அதை ஆப்பிரிக்காவிலிருந்து வரவழைத்து, பெங்களூர் ஆய்வு நிறுவனத்தில் வளர்த்து, 2022இல் சேலம் பக்கத்து ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் தொடங்கி வயல்களில் விட்டார்கள். அதற்கு மண்டை ஓடு இல்லை. முகமூடி வேண்டாம். அடித்தவன் ஜாக்கிரதையா என்ற விசாரணைக்கு இடமே இல்லை. யாரோ சிலர் முன்கூட்டியே பொறுப்பெடுத்துக்கொண்டதால், வேறு பலர் பொறுப்பேற்க வேண்டிய அவசியம் குறைந்தது. பொறுப்பு என்பதை எல்லோருக்கும் சமமாகப் பங்கிட முடியாது. யாருக்கு முன்கூட்டித் தெரியுமோ, யாருக்கு மாற்ற முடியுமோ அவர்களிடமிருந்து அது ஆரம்பிக்க வேண்டும். டேங்கைச் சுமப்பவனிடம் வந்து சேரும்போது அது சிறிதாகத்தான் இருக்க வேண்டும் — மூடி ஒழுகுகிறதா என்று பார்க்கும் அளவுக்கு. அந்தச் சிறிதை அவர் ஏற்றுக்கொண்டுவிட்டார், யாரும் கேட்காமலே.

அந்தச் சீட்டை நல்ல தமிழில் திருத்தி எழுதித் தரலாமே என்று ஒருவர் யோசனை சொன்னார். எழுதிப் பார்த்தேன். ‘வும்’ எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, சொல்பவன் கேட்பவனின் முகத்தைப் பார்த்துச் சொல்வதாக வைத்துக்கொண்டேன். இதை விற்பவன் நான். முகமூடி போடாமல் அடித்தால் உனக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். இந்த வெயிலில் நீ முகமூடி போட மாட்டாய் என்பதும் எனக்குத் தெரியும். இதுவரை எழுத முடிந்தது. அதற்குமேல் வாக்கியம் நகரவில்லை. இந்த மூன்றாவது வரியை எழுதியவன் அடுத்தபடி பாட்டிலை மூடி லாரியில் ஏற்ற முடியாது.